வைஃபை இல்லை, பென்டிரைவ் தெரியவில்லை, டிஸ்க் முனகுகிறது: லினக்ஸ் முனையத்தில் வன்பொருள் கோளாறு பார்ப்பது எப்படி

சில வருடங்களுக்கு முன்பு, வைஃபை வரவில்லை என்று ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸை மூன்று முறை மாற்றி மாற்றி நிறுவினேன். முதலில் உபுண்டு, அப்புறம் மின்ட், கடைசியில் டெபியன். மூன்றிலும் வைஃபை இல்லை. பொறுமை போய் லேப்டாப்பைத் தூக்கித் திருப்பிப் பார்த்தால், முன் ஓரத்தில் நகத்தளவு ஒரு ஸ்விட்ச். பையில் வைக்கும்போது எப்போதோ தள்ளுப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு கட்டளை கொடுத்திருந்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும் விஷயம்.

அன்றிலிருந்து, எது வேலை செய்யாவிட்டாலும் நிறுவுவதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதலில் மூன்று கேள்விகள் கேட்கிறேன். வீட்டில் ஆள் இருக்கிறாரா? கதவைத் திறந்தாரா? கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா? கணினி மொழியில் சொன்னால்: அந்தச் சாதனம் மதர்போர்டுக்குத் தெரிகிறதா, கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) அதற்கு ஒரு டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) ஒட்டிக்கொண்டதா, ஒட்டிய டிரைவர் பிழை இல்லாமல் ஓடுகிறதா. முதல் கேள்விக்கே பதில் இல்லை என்றால் எத்தனை டிரைவர் இறக்கினாலும் பயன் இல்லை. மூன்றாவதில்தான் சிக்கல் என்றால் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டிய வேலையே இல்லை.

கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து தமிழில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். முனையத்தில் (டெர்மினல்) அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளை, எல்லாம் சிறிய எழுத்தாகவே, தட்டுங்கள். வேறு மாதிரி வேண்டிய இடத்தில் சொல்கிறேன். எழுத்தில் குழப்பம் வரக்கூடிய கட்டளைகளுக்கு ஆங்கில வடிவமும் அடைப்புக்குள் இருக்கிறது. முன்னால் வரும் சூடோ, நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்பதற்கு. தேவையான பொதிகள் (பேக்கேஜ்கள்) டெபியன், உபுண்டு வகைகளில் பிசிஐயூட்டில்ஸ், யூஎஸ்பியூட்டில்ஸ், ஸ்மார்ட்மான்டூல்ஸ், எல்எம்-சென்சார்ஸ், டிஎம்ஐடிகோட் என்ற பெயர்களில் கிடைக்கும். கணினியில் விண்டோஸ்தான் இருக்கிறது என்றாலும் கவலை இல்லை. ஒரு லைவ் பென்டிரைவில் இருந்து லினக்ஸைக் கிளப்பினால் டிஸ்க்கைத் தொடாமலே இதில் பெரும்பாலானதைச் செய்யலாம்.

வைஃபை பட்டியலே வரவில்லை

முதல் கட்டளை:

எல்எஸ்பிசிஐ -என்என்கே

பிசிஐ பாதையில் இருக்கும் எல்லாச் சாதனங்களும் வரிசையாக வரும். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற சொல் உள்ள வரியைத் தேடுங்கள். வரியின் இறுதிப் பக்கம் சதுர அடைப்புக்குள், நடுவில் முக்காற்புள்ளி வைத்து இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தயாரிப்பாளர், இரண்டாவது மாடல். இன்டெல்லுக்கு 8086. தன்னுடைய பழைய புகழ்பெற்ற சில்லின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரியல்டெக்குக்கு 10இசி, பிராட்காமுக்கு 14இ4. இணையத்தில் தேடும்போது அட்டைப்பெட்டியில் உள்ள மாடல் பெயரைவிட இந்த எண் ஜோடிதான் கைகொடுக்கும். ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு சில்லு வைத்து விற்பது சர்வசாதாரணம்.

அந்த வரிக்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கதவு திறந்தாயிற்று. இல்லாமல் "கர்னல் மாட்யூல்ஸ்" மட்டும் இருந்தால், பொருத்தமான டிரைவர் கைவசம் இருந்தும் ஒட்டவில்லை. இரண்டுமே இல்லை என்றால் உங்கள் கர்னலுக்கு அந்த சில்லைத் தெரியாது. புதிய லேப்டாப்பில் பழைய லினக்ஸ் விநியோகத்தைப் (டிஸ்ட்ரோ) போட்டால் இப்படித்தான் ஆகும். புதிய கர்னலுக்குப் போவதுதான் வழி.

டிரைவர் இருக்கிறது, ஆனாலும் வைஃபை இல்லை. அப்போது கர்னலின் நாட்குறிப்பைப் படிக்க வேண்டும்:

சூடோ டிஎம்இஎஸ்ஜி | கிரெப் -ஐ ஃபர்ம்வேர் (sudo dmesg | grep -i firmware)

ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை என்ற வரி வந்தால் நோய் தெரிந்துவிட்டது. வைஃபை சில்லுக்குள் ஓட வேண்டிய சிறு நிரலை டிரைவர்தான் ஒவ்வொரு முறையும் ஊட்ட வேண்டும். அந்தக் கோப்பு டிஸ்க்கில் இல்லை. டெபியனில் இது நெடுநாள் தலைவலி. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் இருந்துதான் இந்தக் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர்கள் அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்ந்தன. பழைய பதிப்பு என்றால் தனியாக நிறுவ வேண்டும். வைஃபையே இல்லாமல் எப்படி இறக்குவது என்றால், மொபைலை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் எந்த டிரைவரும் கேட்காமல் இணையம் வந்துவிடும்.

டிரைவர், ஃபர்ம்வேர் எல்லாம் சரி. அப்புறம் என்னை மூன்று முறை நிறுவ வைத்த விஷயம்:

ஆர்எஃப்கில் லிஸ்ட்

"சாஃப்ட் பிளாக்டு" என்பதற்கு எதிரே யெஸ் என்று இருந்தால் மென்பொருள் அணைத்திருக்கிறது. "ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை" என்று கொடுத்தால் தீர்ந்தது. "ஹார்ட் பிளாக்டு" யெஸ் என்றால் மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்விட்சைத் தேடுங்கள், இல்லையென்றால் எஃப்என் விசையோடு விமானப் படம் போட்ட விசையை அழுத்துங்கள்.

எல்எஸ்பிசிஐ பட்டியலில் அட்டையே காணோம் என்றால்? எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையையும் ஓட்டிப் பாருங்கள். சில மலிவு லேப்டாப்களில் வைஃபை உள்ளேயே யூஎஸ்பி வழியாக இணைந்திருக்கும். இன்னொரு நுணுக்கம்: வைஃபை, புளூடூத் இரண்டும் ஒரே எம்.2 அட்டையில் இருந்தாலும், பொதுவாக வைஃபை பிசிஐ பாதையிலும் புளூடூத் யூஎஸ்பி பாதையிலும் போகும். ஆகவே புளூடூத் தெரிகிறது, வைஃபை மட்டும் காணோம் என்றால் அட்டைக்கு மின்சாரம் போகிறது என்று அர்த்தம். மின் இணைப்பைத் துண்டித்து, பின்மூடியைக் கழற்றி, அட்டையை எடுத்து மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். கீழே விழுந்த லேப்டாப்பில் இதுவே போதுமானதாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பென்டிரைவ் செருகினால் சத்தமே இல்லை

இதற்கு முதலில் செய்ய வேண்டியது, செருகுவதற்கு முன்பே காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவது:

சூடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ

இது கர்னல் எழுதுவதை உடனுக்குடன் காட்டிக்கொண்டே இருக்கும். இப்போது செருகுங்கள். ஒரு வரிகூட வரவில்லை என்றால் போர்ட்டோ, கேபிளோ, பென்டிரைவோ செத்திருக்கிறது. வேறு போர்ட்டில் மாட்டி எது என்று பிரித்துக்கொள்ளலாம். புதிய யூஎஸ்பி சாதனம் என்ற வரி வந்து, உடனே "எரர் -71" அல்லது "எரர் -110" என்று தொடர்ந்தால் பேச்சுத் தொடங்கிப் பாதியில் அறுகிறது. 71 என்பது பேச்சு முறையில் பிழை, 110 என்பது காத்திருந்தும் பதில் இல்லை. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் மோசமான கேபிள், அல்லது போதாத மின்சாரம். மேசைக்கணினியின் முன்பக்க போர்ட்டில் மாட்டியிருந்தால் பின்பக்கம் மாற்றுங்கள். முன்பக்கம் போகும் உள்கம்பி நீளமானது, தரமும் சுமார்தான். மின்சாரம் இழுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கைத் தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் மாட்டவே மாட்டாதீர்கள்.

எல்லாம் தெரிகிறது, ஆனால் நகலெடுப்பது நத்தை வேகம் என்றால்:

எல்எஸ்யூஎஸ்பி -டி (lsusb -t)

மரம் போலக் கிளைவிட்டு ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே அதன் வேகம் வரும். 480எம் என்றால் யூஎஸ்பி 2, 5000எம் என்றால் யூஎஸ்பி 3. நீல நிற போர்ட்டில் மாட்டிய யூஎஸ்பி 3 டிஸ்க் 480எம் கிளையில் தொங்கினால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். மொபைல் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் வேகப் பாதைக்கான கம்பிகளே கிடையாது.

கோப்புகள் போடும்போது ஏறுகின்றன, திரும்ப எடுத்தால் பாழாகியிருக்கின்றன என்றால் கொள்ளளவே பொய்யாக இருக்கலாம். 32 ஜிபி சில்லை 512 என்று சொல்ல வைத்து விற்கும் பென்டிரைவ்கள் ஊர்ப்பட்டவை உண்டு. எஃப்3 என்ற பொதியை நிறுவி, எஃப்3ரைட் கட்டளையால் பென்டிரைவை முழுக்க நிரப்புங்கள். பிறகு எஃப்3ரீட் கட்டளையால் சரிபாருங்கள். எழுதியது திரும்ப வராத இடம் எவ்வளவு என்று ஜிபி கணக்கில் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும். வாங்கின அன்றே செய்தால் கடையில் திருப்பிக் கொடுக்கவாவது முடியும்.

கணினி திடீர் திடீரென்று உறைகிறது, கோப்பு திறக்க யுகமாகிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். மற்றப் பாகம் போனால் பணம்தான் போகும். டிஸ்க் போனால் கல்யாண ஃபோட்டோவும் சேர்ந்து போகும்.

முதலில் மறுபடியும் கர்னல் நாட்குறிப்பு. "ஐ/ஓ எரர், டெவ் எஸ்டிஏ, செக்டார்" என்று எண்ணோடு வரிகள் வந்தால் டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் இருக்கிறது. "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்" என்று அடிக்கடி வந்தால் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையிலான பேச்சு முறிந்து முறிந்து சேர்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போடுகிறார்கள், அல்லது கெட்ட டிஸ்க்கைக் கேபிள் மாற்றி நம்புகிறார்கள். எது என்று உறுதி செய்ய:

சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ (sudo smartctl -a /dev/sda)

எஸ்டிஏ இடத்தில் உங்கள் டிஸ்க்கின் பெயர். எல்எஸ்பிஎல்கே என்று தட்டினால் பெயர்கள் தெரியும். வெளி யூஎஸ்பி பெட்டியில் உள்ள டிஸ்க் பதில் சொல்லவில்லை என்றால் நடுவில் "-டி சாட்" (-d sat) என்று சேர்த்துப் பாருங்கள்.

மேலேயே, ஒட்டுமொத்த நலம் "பாஸ்டு" என்று வரும். அதைப் பார்த்து மூடிவிடாதீர்கள். டிஸ்க் தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் அது ஃபெயில் சொல்லும். அந்த எல்லை நம் வசதிக்கு வைத்ததல்ல. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்குகள் கடைசி மூச்சு வரை பாஸ்டு என்று சொல்லிக்கொண்டே போயிருக்கின்றன. கீழே உள்ள அட்டவணையில் வலது ஓரத்தில் "ரா வேல்யூ" என்ற பத்தியில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

5-ஆம் வரிசை, மாற்றி ஒதுக்கிய செக்டார்கள். கெட்டுப்போன இடத்துக்குப் பதில் டிஸ்க் தன் கையிருப்பில் இருந்து எடுத்துக்கொடுத்த கணக்கு. 197, நிலுவையில் உள்ளவை. படிக்க முயன்று தோற்ற, இன்னும் தீர்ப்பு எழுதாத இடங்கள். அடுத்து அங்கே எழுதும்போது ஒன்று பிழைக்கும், இல்லையென்றால் 5-இன் கணக்கில் சேரும். 198, சோதனையில் படிக்கவே முடியாமல் போனவை. 5-இல் ஏதோ ஒற்றை இலக்கம், மாதக்கணக்கில் மாறவில்லை என்றால் நான் பயப்பட மாட்டேன். 197 வாரத்துக்கு வாரம் ஏறுகிறது என்றால் அன்று மாலையே புது டிஸ்க் வாங்கப் போய்விடுவேன்.

199 மட்டும் வேறு சாதி. அது கம்பியில் போகும்போது சிதைந்த தரவின் எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டிருந்து, 5-உம் 197-உம் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் நன்றாக இருக்கிறது, அதைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. அந்த எண் திரும்ப பூஜ்யத்துக்கு வராது. ஆகவே எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்து அதே எண்ணில் நிற்கிறதா என்று பாருங்கள். சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் 1-ஆம் வரிசையில் கோடிக்கணக்கில் எண்ணைப் பார்த்து மிரள்வார்கள். அது இரண்டு கணக்குகளை ஒன்றாகக் கட்டிய எண், அப்படித்தான் இருக்கும்.

9-ஆம் வரிசை, ஓடிய மணிநேரம். பழைய டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு இதுதான் ஜாதகம். "ஆறு மாசம்தான் சார் ஓடியிருக்கு" என்று என்னிடம் தந்த ஒரு டிஸ்க் 30,000 மணிநேரம் காட்டியது. இரவு பகல் நிறுத்தாமல் ஓடினாலும் மூன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவு.

எண்கள் சுத்தமாக இருந்தும் சந்தேகம் என்றால் டிஸ்க்கையே தன்னைச் சோதிக்கச் சொல்லலாம்:

சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -டி லாங் /டெவ்/எஸ்டிஏ (sudo smartctl -t long /dev/sda)

லாங் இடத்தில் ஷார்ட் போட்டால் சுமார் இரண்டு நிமிடம். லாங் பெரிய டிஸ்க்குகளில் பல மணிநேரம் ஓடும், அதற்குள் நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். முடிவை "-எல் செல்ஃப்டெஸ்ட்" கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் ஐ/ஓ எரர் ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் இந்தச் சோதனையும் வேண்டாம், எஃப்எஸ்சிகே வைத்துக் கோப்பு முறைமையைச் சரிசெய்யும் வேலையும் வேண்டாம். மூச்சு வாங்குகிறவரை மாடி ஏறச் சொல்வது போல அது. முதலில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அது படிக்க முடிந்ததை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்ப வரும். ரிப்பேர் வேலையை அந்த நகலில் வைத்துக்கொள்ளலாம்.

என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் இதே ஸ்மார்ட்சிடிஎல்தான், டிஸ்க் பெயர் என்விஎம்இ0. அட்டவணை வேறு மாதிரி இருக்கும். "பர்சன்டேஜ் யூஸ்டு" என்பது ஆயுளில் கழிந்த சதவீதம். 100-ஐத் தாண்டியும் ஓடும். மீடியா பிழை எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். "அன்சேஃப் ஷட்டவுன்ஸ்" நூற்றுக்கணக்கில் இருந்தால் உங்கள் ஊர் மின்வெட்டைப் பற்றிய தகவல் அது. யூபிஎஸ் வாங்குங்கள்.

லினக்ஸ் நிறுவப் போனால் டிஸ்க்கே காட்டவில்லை

டிஸ்க் நல்லபடியாக விண்டோஸில் ஓடுகிறது, நிறுவியில் மட்டும் காணோம் என்றால் பயாஸைப் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலின் அமைப்புத் திரை) பாருங்கள். பல இன்டெல் லேப்டாப்களில் சேமிப்பு முறை ரெய்டு, ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று இருக்கும். ஏஎச்சிஐ என்று மாற்றினால், அல்லது விஎம்டியை அணைத்தால் டிஸ்க் தெரியும். ஆனால் சும்மா மாற்றிவிட்டு விண்டோஸைக் கிளப்பினால் அது நீலத் திரையில் விழும். விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் முதலில் அதைச் சேஃப் மோடில் எழும்படி அமைத்து, பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்ப வேண்டும்.

ரேம் குறைவாகக் காட்டுகிறது. அல்லது காரணமில்லாமல் எல்லாம் முறிந்து விழுகிறது

ஃப்ரீ -எச் என்று கொடுத்தால் 8 ஜிபி ரேமுக்கு ஏழரை சொச்சம்தான் வரும். மீதி பயாஸும் உள்ளமை கிராஃபிக்ஸும் எடுத்துக்கொண்டது. யாரும் திருடவில்லை. சரிபாதி காட்டினால்தான் விஷயம்:

சூடோ டிஎம்ஐடிகோட் -டி மெமரி (sudo dmidecode -t memory)

எத்தனை ஸ்லாட், எதில் எத்தனை ஜிபி, எந்த வேகம், மொத்தம் எவ்வளவு வரை ஏற்றலாம் என்பதெல்லாம் வரும். இரண்டு குச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்கு "நோ மாட்யூல் இன்ஸ்டால்டு" என்று வந்தால் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசு தட்டி, கிளிக் சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். நம்மூர்க் கடைகளில் பாதி ரிப்பேர் இந்த ரப்பரால்தான் நடக்கிறது. ஒரு எச்சரிக்கை: டிஎம்ஐடிகோட் ரேமை நேரில் சோதிப்பதில்லை. பயாஸ் எழுதி வைத்த பட்டியலைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தப் பட்டியல் பல சமயம் தப்பாக இருக்கும் என்று அதன் கையேடே ஒப்புக்கொள்கிறது. அதிகபட்சக் கொள்ளளவு என்று அது சொல்வதை மட்டும் நம்பி ரேம் வாங்காதீர்கள்.

பிரவுசர் ஒரு நேரம், மென்பொருள் நிறுவல் ஒரு நேரம் என்று முறிவு இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேம் மீது சந்தேகப்படலாம். மெம்டெஸ்ட்86+ தனியாகப் பூட் ஆகி ஓடும் நிரல். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பில் இருந்து யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) கணினிகளிலும் ஓடுகிறது. இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் சிவப்பு வரி ஒன்றே ஒன்று இருந்தாலும் அது அதிகம். ஒவ்வொரு குச்சியாகத் தனியே மாட்டிச் சோதித்தால், குற்றம் குச்சியிலா ஸ்லாட்டிலா என்பதும் தெரியும்.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று அணைகிறது

மறுபடி கிளப்பியதும், முந்தைய ஓட்டத்தின் கடைசி வரிகளைப் பாருங்கள்:

சூடோ ஜர்னல்சிடிஎல் -கே -பி -1 (sudo journalctl -k -b -1)

அதில் வெப்பநிலை எல்லை தாண்டியது, வேகம் குறைக்கப்பட்டது என்ற செய்திகள் இருந்தால் சூடுதான். எதுவுமே இல்லாமல் நடு வாக்கியத்தில் அறுந்த மாதிரி முடிந்தால் மின்சாரம் போயிருக்கிறது: பவர் சப்ளை, அடாப்டர், பேட்டரி இணைப்பு இவற்றைப் பாருங்கள். சூட்டைப் பார்க்க "வாட்ச் சென்சார்ஸ்" என்று கொடுத்துவிட்டு ஏதாவது கனமான வேலையை ஓட்டுங்கள். லேப்டாப் உழைக்கும்போது 80, 85 டிகிரி போவது சகஜம். பல இன்டெல் சில்லுகளின் எல்லை 100. சும்மா இருக்கும்போதே 75 காட்டுகிறது என்றால் உள்ளே ஃபேன் இறகில் கம்பளி போலத் தூசு அடைந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும்.

பேட்டரி நிற்கவில்லை

யூபவர் -டி (upower -d) என்ற கட்டளை எல்லா விவரத்தையும் கொட்டும். "எனர்ஜி-ஃபுல்" என்பதை "எனர்ஜி-ஃபுல்-டிசைன்" என்பதால் வகுங்கள். பிறந்தபோது 50 வாட்-மணி, இப்போது 31 என்றால் 62 சதவீதம் மிச்சம். 50 சதவீதத்துக்குக் கீழே போனபின் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

படம் தடங்குகிறது, என்விடியா கார்டு வேலை செய்யவில்லை

எல்எஸ்பிசிஐ பட்டியலில் கார்டு இருக்கிறது, டிரைவரையும் நிறுவியாயிற்று, ஆனால் டிரைவர் ஒட்டவில்லை என்றால் செக்யூர் பூட்டைச் சந்தேகியுங்கள். அது இயங்கும்போது, நம்பகமான சாவியால் கையெழுத்திடாத மாட்யூலை (டிரைவர் கோப்பு) கர்னல் உள்ளே விடாது. "மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்" என்று கேட்டால் நிலை தெரியும். பயாஸில் அணைத்துப் பார்த்து இதுதான் காரணம் என்று உறுதியானபின், மாட்யூலுக்குக் கையெழுத்திட்டுச் சாவியைப் பதிவு செய்துகொண்டு மறுபடி இயக்கிவிடலாம்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை, யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் "லேப்டாப் ஓடல, ஹெல்ப்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஐஎன்எக்ஸ்ஐ -எஃப்இசட்

இதில் எஃப் மட்டும் பெரிய எழுத்து, இசட் சிறியது. முழு வன்பொருள் விவரமும் ஒரே பக்கத்தில் வரும்; இசட் போட்டதால் சீரியல் எண்களும் நெட்வொர்க் முகவரிகளும் மறைந்திருக்கும். அதோடு, கோளாறு நடந்த நிமிடத்தின் டிஎம்இஎஸ்ஜி வரிகளைப் படமாக இல்லாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். உதவ வருகிறவர் அந்தப் பிழை வரியை நகலெடுத்துத் தேட வேண்டியிருக்கும்.